நடுவில் ஆடுகிற சைக்கிள்

பாகூருக்குப் போகும் சாலையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதற்கு வெள்ளைக் கோடு கிடையாது, முன்னறிவிப்புப் பலகையும் கிடையாது. சாலை போட்டு மிஞ்சிய தாரை எங்கே கொட்டுவது என்று தெரியாத ஒப்பந்ததாரர் யாரோ குறுக்கே கொட்டிவிட்டுப் போனது போல இருக்கும். வேகத்தடை எவ்வளவு உயரம் இருக்கலாம், அதற்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஒரு மழைநாள் மாலையில் என் ஸ்கூட்டர் அதன்மேல் ஏறிச் சரிந்தது. முதுகுத்தண்டில் ஜவ்வு விலகியது.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் எங்கள் ஊர் ஏம்பலத்துக்குத் திரும்புவதற்குள், சென்னையில் இருக்கும் என் மகள் ஸ்கூட்டரை விற்க ஆள் பிடித்துவிட்டாள். உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் வண்டியை விற்க முடியாது என்று படுத்துக்கொண்டே சொன்னேன். என் மனைவி பேனாவை நீட்டினாள்.

மருத்துவர் சொன்னது இரண்டே வாக்கியம். முதுகுக்குக் குலுக்கல் ஆகாது என்பது முதல் வாக்கியம். கால்களுக்கு வேலை வேண்டும், குலுங்காமல் சைக்கிள் மிதித்தால்கூட நல்லது என்பது இரண்டாவது. நான் பணியில் இருந்தது அரசுக் கொள்முதல் பிரிவில். ஆணையின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு அதை அமல்படுத்துகிறவர்களோடு ஒரு ஆயுளைக் கழித்தவன். அந்த இனத்தார் என் வீட்டிலும் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குலுக்கல் ஆகாது என்பது வண்டி ஆகாது என்று மாறியது. வண்டி ஆகாது என்பது, தனியாக வாசலைத் தாண்டக் கூடாது என்று மாறியது. என் மைத்துனனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனால் மட்டும் குலுக்கல் கணக்கில் வராதாம்.

மைத்துனன் என் மனைவியின் தம்பி, அதே தெருக்காரன், நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறவன். ஊரில் நல்லவன் என்று பெயர் எடுத்தவன். நல்லவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பயணம் போனவனுக்குத்தான் அந்தப் பெயர் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். அடுத்தவன் கரும்பு எந்த ரகம் என்று கேட்க நிற்பான். பால் ஊற்றுகிற இடத்தில் நிற்பான். யாராவது கை காட்டினால் நிற்பான், யாரும் காட்டாவிட்டால் ஏன் காட்டவில்லை என்று கேட்க நிற்பான். நான் வலி மாத்திரை வாங்கப் போய் ஒரு கருமாதியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இறந்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். காலையில் யாரையும் கேட்காமல், யார் முதுகையும் பார்க்காமல், தனியாகக் கிளம்பி பாகூர் ஏரிக்கரை வரை போய்வர வேண்டும்.

அதற்கான வழி மைத்துனனின் மோட்டார் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மகன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவன். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துகளில் அப்படிப் போன பிள்ளைகள் தெருவுக்கு ஒருவராவது உண்டு. போனவர்கள் கொஞ்ச காலம் கழித்து, அங்கே தமக்கு வேண்டாதவற்றை எல்லாம் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே இருப்பவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி வந்தது அந்தச் சைக்கிள். ஒரு விடுமுறை முழுக்க வாய்க்கால் வரப்புகளில் ஓட்டிவிட்டு, யூரியா மூட்டைகளுக்கு மேலே நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டான். அதன்பின் அவன் பலமுறை வந்து போனான். அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

மலையில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட சைக்கிள் அது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு தடித்த குழாய்களும் அழுந்தி எழும்பும். பின் சக்கரம் சட்டத்தோடு ஒட்டாமல், நடுவில் கீல் போல ஒரு மூட்டில் அசைந்துகொண்டு, காற்று அடைத்த ஒரு சின்ன ஷாக் அப்சார்பர்மேல் சாய்ந்திருக்கும். பாறையில் இறங்கினாலும் மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு அதிர்ச்சி எட்டாது. எங்கள் பக்கத்தில் மலை என்று சொல்ல குப்பைமேட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் சாலைகள் இருக்கின்றன. மருத்துவரின் இரண்டு வாக்கியங்களையும் ஒரே சமயத்தில் நிறைவேற்றக்கூடிய பொருள் அது ஒன்றுதான் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"இத இன்னா மாமா பண்ணப் போறீங்க?" என்றான் மைத்துனன்.

"ஓட்டப் போறேன்."

"இதயா? கயித்த அவுத்தா உதிர்ந்துடும்."

"உதிர்ந்தா பொறுக்கிக்கறேன். நீ எறக்குடா."

இறக்கினான். உதிரவில்லை. ஆனால் யூரியாவின் ஈரக் காற்று திருகுகளை எல்லாம் தின்றிருந்தது. பின்னால் இருந்த ஷாக்கில் காற்று இல்லை. சீட்டில் கை வைத்து அழுத்தினால் சைக்கிள் முழுதாகத் தரையைப் பார்த்துக் குனிந்தது.

சிறிய சரக்கு ஆட்டோவில் ஏற்றி இருவரும் தவளக்குப்பம் சந்திப்புக்குப் போனோம். அங்கே ஒரு சைக்கிள் கடை. கடலூர் சாலையின் புகையும் ஹாரனும் உள்ளே வந்து போகும். வாசலில் புதிய கியர் சைக்கிள்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. அதில் ஒன்றை நான் முழு பலத்தோடு அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. அது பார்வைக்காக வைத்தது.

கடைக்காரர் எங்கள் சைக்கிளின் சீட்டை இரண்டு முறை அழுத்தினார். பிறகு நோயாளியின் உறவினரைப் பார்க்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"சார், நடுவுல வுட்டுப்போச்சு."

"வுட்டுப்போகல. அது அப்படித்தான் இருக்கணும்."

"அப்படி எப்படி சார் இருக்கும்? ஆடுது பாருங்க. இங்க ஒரு பட்டய வெச்சி வெல்டிங் அடிச்சிட்டா ஜம்முனு நிக்கும்."

"ஆடறதுக்காகத்தான் அத அப்படி செஞ்சிருக்காங்க."

அவர் என்னை விட்டுவிட்டு மைத்துனன் பக்கம் திரும்பினார். "சாருக்கு சைக்கிள் ஓட்டணுமா, ஊஞ்சல் ஆடணுமா?"

மைத்துனன் சிரிக்க ஆரம்பித்தவன் ஊர் வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. இடையில் ஒரு முறை மட்டும் மூச்சு வாங்கி, "அவரு சொல்றதும் நாயந்தான மாமா" என்றான். ஆடாத ஸ்பிரிங்கை விற்றுப் பிழைக்கிற ஒருவருக்கு ஆடுகிற ஸ்பிரிங் நோயாகத்தான் தெரியும் என்று சொன்னேன். ஆட்டோ இரைச்சலில் அவன் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தான்.

வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஸ்கூட்டர் நின்ற கொட்டகை காலியாகத்தான் இருந்தது. திருகுகளை டீசலில் ஊறவைத்து, ஒரு நாளைக்கு ஒன்று என்ற அரசாங்க வேகத்தில் கழற்றினேன். முதுகு அதற்குமேல் ஒப்புதல் தரவில்லை. மூட்டுகளில் இருந்த சின்ன பேரிங்குகள் துருவில் இறுகிக் கிடந்தன. அவற்றின் விளிம்பில் எண் பொறித்திருந்தது. உலகம் முழுக்க அந்த எண்ணுக்கு ஒரே அளவு. இப்படி ஒழுங்காக நடக்கிற விஷயம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு பேரிங்கை எடுத்துக்கொண்டு வில்லியனூரில் பம்புசெட் சாமான் விற்கிற கடைக்குப் போனேன், வழக்கம்போல மைத்துனன் பின்னால் உட்கார்ந்து.

"எந்த மோட்டாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"சைக்கிளுக்கு."

"சைக்கிளு வீலுக்கு இந்த சைசு வராதே."

"வீலுக்கு இல்ல. நடுவுல."

அவர் சைக்கிளின் நடுவை மனதில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. என் மைத்துனன் அவரிடம் கண்ணைக் காட்டினான். அந்தச் சாடையை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் என் உடல்நிலையைப் பற்றிச் சொல்லும்போது செய்கிற சாடை. அதன்பின் கடைக்காரர் கேள்வி கேட்கவில்லை. பேரிங்குகளைப் பொட்டலம் கட்டி, பார்த்துப் போங்கள் என்று மிகவும் மென்மையாகச் சொன்னார்.

ஷாக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடியபோது காணொளிகள் வந்து குவிந்தன. பளபளக்கும் தலைக்கவசம் போட்ட இளைஞர்கள். ஒவ்வொருவனும் பழைய சைக்கிளை எப்படி மேம்படுத்துவது என்று ஆரம்பித்து, புதியது வாங்குங்கள் என்று முடித்தான். சட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிய ஒருவன், கடைசியில் சட்டமும் சரியில்லை என்று கண்டுபிடித்தான். எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

பிரான்சில் இருக்கும் பிள்ளையிடமும் பேசிப் பார்த்தேன். அவனாவது தன் வண்டியின் விவரம் சொல்வான் என்ற எண்ணம்.

"அத கடாசிடுங்க மாமா" என்றான். "இருபத்தாறு இன்ச் வீலு இப்ப இங்க யாரும் ஓட்றதில்ல. பெரிய வீல்தான்."

"நான் அங்க ஓட்டலையே. ஏம்பலத்துல ஓட்றேன்."

"அதுக்கில்ல மாமா. அவுட்டாஃப் டேட்."

"நானுந்தான் அவுட்டாஃப் டேட். ஷாக்குக்கு எவ்ளோ காத்து வெக்கணும், அத சொல்லு."

அவனுக்குத் தெரியவில்லை. ஓட்டின காலத்திலும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வளையங்கள் வெளியூரிலிருந்து வந்தன. மாட்டினேன். அதற்கென்று இருக்கும் கைப்பம்பில் காற்று ஏற்றினேன், நின்றது. முன்னால் மூன்று பல்சக்கரங்கள் இருந்தன. அவற்றில் இரண்டை வேலையில்லாதவை என்று நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். அலுவலகத்தில் என்னால் செய்ய முடியாமல் போன காரியம். பின்னால் அகலமான பல் வரிசை, குனியாமல் பிடிக்க உயரமான கைப்பிடி, வழுவழுப்பான டயர். கடைசியில் பிரேக். பழைய டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் ஒழுகி, சாமான் கிடைக்காமல் போனதால், கம்பியில் இழுக்கிற டிஸ்க் பிரேக்காக மாற்றினேன்.

ஷாக்கில் காற்று சரிதானா என்று பார்க்க, நான் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் அளக்க வேண்டும். மைத்துனன் குந்தி உட்கார்ந்து அளந்தான்.

"மாமா, நீங்க குந்துனா கால்வாசி எறங்கிப் போவுது."

"அதான் கணக்கு. கொஞ்சம் எறங்கியிருந்தாதான் பள்ளத்துல வீலு கீழ போவ எடமிருக்கும்."

"யாருக்கும் எறங்காத ஆளு. ஒரு சைக்கிளுக்கு எறங்கிட்டீங்க." அளவு நாடாவை மடித்துக்கொண்டே, "இதுக்கு ஒரு மோட்டார மாட்டிட்டா மிதிக்கற தொல்லகூட இல்ல" என்றான். மிதிக்கத்தான் சைக்கிள் என்பதை அவனுக்கு விளக்க நான் முயலவில்லை.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சக்கரத்தோடு சுழலும் மெல்லிய எஃகுத் தட்டை இரண்டு சிறிய கட்டைகள் பக்கத்துக்கு ஒன்றாக நெருக்கிப் பிடிக்கும். அந்தத் தட்டின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு படவே கூடாது, விரல்கூடப் படக் கூடாது. இந்த விதியை வீட்டில் சொன்னேன். நான் சொல்லும் விதிகளுக்கு வீட்டில் உள்ள வழக்கமான மரியாதையோடு அது கேட்டுக்கொள்ளப்பட்டது.

சைக்கிள் தயாரானதும் விசாரணைக் குழு கூடியது. மகள் கைப்பேசித் திரையில், மனைவி நாற்காலியில், மைத்துனன் வாசற்படியில். முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று முதலில் கேட்டேன்.

"எனக்குத்தான்பா" என்றாள் மகள்.

அவள் விதித்த நிபந்தனை இது. விஜயதசமி அன்று காலையில் பாகூர் ஏரிக்கரை வரை ஒரே ஒரு சோதனை ஓட்டம். மைத்துனன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருவான். நல்லபடியாகப் போய் வந்துவிட்டால் அன்றிலிருந்து நான் தனியாகப் போகலாம். எங்காவது விழுந்துவிட்டால் சைக்கிள் திரும்பவும் யூரியா மூட்டைக்கு மேலே போகும், நானும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. மேல்முறையீடு உண்டா என்றேன். திரை அணைந்துவிட்டது.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் தெருவில் அன்றைக்கு டிராக்டரிலிருந்து தேங்காய் துருவி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. நான் பிற்பகலில் முதுகை நீட்டிப் படுத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தபோது சைக்கிள் புதுமணப்பெண் மாதிரி நின்றது. கைப்பிடியில் பூச்சரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சட்டம் முழுக்கச் சந்தனம், குங்குமம். டிஸ்க் தட்டைக்கூட விடவில்லை. வட்டமாகப் பளபளவென்று தட்டு போல் ஒன்று இருந்தால் எங்கள் ஊரில் யாருக்கும் கை சும்மா இருக்காது. மூன்று பொட்டு.

கற்பூரம் காட்டும் நேரத்தில் பிரேக்கைப் பற்றிப் பேசுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். காலையில் தட்டிலிருந்த பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்தேன். வாசலில் இரண்டடி பின்னுக்குத் தள்ளிப் பிரேக் பிடித்தேன், சக்கரம் நின்றது. சந்தனம் போனால் அழுக்கும் போயிற்று என்று எண்ணிக் கிளம்பினேன்.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி தெருவைத் தாண்டியது. கரும்புக்கும் நடவு வயலுக்கும் நடுவே சாலை, முந்தின இரவு பெய்த மழையின் ஈரம், பின்னால் மைத்துனனின் மோட்டார் சைக்கிள் முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. பள்ளங்கள் வந்தன. சக்கரங்கள் அவற்றில் இறங்கி ஏறின, நான் இருந்த இடத்தில் இருந்தேன். அந்த வேகத்தடையும் வந்தது. சைக்கிள் அதன்மேல் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை மூச்சு விட்டது, அவ்வளவுதான். பின்னால் மோட்டார் சைக்கிள் தடாலென்று விழுந்து எழும் சத்தமும், "யம்மா" என்று மைத்துனனின் குரலும் கேட்டன. மழை ஈரத்திலும் அன்று எனக்குச் சாலை மேல் கோபம் வரவில்லை.

ஏரிக்கரைமேல் ஏறிக் கொஞ்ச தூரம் போனேன். மதகு இருக்கும் இடத்தில் கரையிலிருந்து ஒரு சரிவு இறங்கும். கீழே இடப்பக்கம் தண்ணீர் ஓடும் வாய்க்கால், வலப்பக்கம் நடவு வயல். சரிவில் பாதி இறங்கியதும் பிரேக்கைப் பிடித்தேன். மாடு கத்துவது போல ஒரு ஓலம் வந்தது, வண்டி நிற்கவில்லை. நெம்புகோலைக் கைப்பிடியோடு சேர்த்து நெருக்கினேன். ஓலம் கூடியது, வேகமும் கூடியது. வாய்க்காலா வயலா என்று முடிவெடுக்க வேண்டிய கோப்பு அது. அதிக நேரம் இல்லை. வலப்பக்கம் திருப்பினேன்.

சைக்கிள் வரப்பைத் தாண்டி வயலில் இறங்கியது. அந்த உயரத்திலிருந்து வேறு எந்தச் சைக்கிளில் இறங்கியிருந்தாலும் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். முதுகுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேறு சக்கரங்களைப் பிடித்து நிறுத்தியது. நான் சீட்டில் உட்கார்ந்தபடியே சேற்றில் ஒரு காலை ஊன்றினேன்.

அடுத்த வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "யோவ் பெரியவரே, ரோடு அங்க கீது. நாத்து மேல இன்னா வேல?"

"பிரேக் புடிக்கல."

"வயசுக்கேத்த வண்டிய ஓட்டணும். பேரன் சைக்கிள எட்தாந்துட்டியா?"

அதற்குள் கரைமேல் மைத்துனன் கைப்பேசியில் என் மகளை அழைத்திருந்தான். "வுழுந்துட்டாரு பாப்பா."

"வுழலடா" என்று கீழிருந்து கத்தினேன். "நிக்கறேன், பாத்து சொல்லு."

அவன் எட்டிப் பார்த்தான். "நிக்கறாரு பாப்பா. சேத்துல நிக்கறாரு."

சைக்கிளை மேலே இழுத்துப் போட்டதும் நான் தட்டைப் பார்த்தேன். அதன்மேல் சேறு ஒட்டாமல் வழுக்கி வழிந்தது. மைத்துனன் விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகம் மாறியது.

"தேங்கா எண்ண வாசன வருது மாமா."

நானும் முகர்ந்தேன். சந்தேகமில்லை.

"அக்காதான்" என்றான். பிறகு, தன் அக்காவைக் காட்டிக்கொடுத்தவனின் குரலில், "நான் சொன்னன்னு சொல்லாதீங்க" என்றான்.

வீட்டில் கேட்டபோது என் மனைவி மறுக்கவில்லை. பூஜைக்கு முன் சைக்கிள் முழுவதையும், கம்பிகள், தட்டு எதையும் விடாமல், தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்திருக்கிறாள்.

"வருஷா வருஷம் ஸ்கூட்டருக்கு இதே எண்ணயத்தான போட்டன். ஒரு நாளாச்சும் நிக்காம போச்சா? சொல்லுங்க."

போகவில்லை. அந்தப் பழைய ஸ்கூட்டரில் பிரேக் சக்கரத்துக்குள்ளே ஒரு மூடிய டப்பாவில் இருந்தது. இவள் எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் ஆண்டுதோறும் டப்பாவுக்கு வெளியே நின்று அதை வாழ்த்திவிட்டுப் போயின. இந்தச் சைக்கிளில் பிரேக் வெளியே, எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இதை நான் படம் போட்டு விளக்கினேன். டப்பாவையும் தட்டையும் தனித்தனியே வரைந்தேன். தெளிவான படம்.

"அப்ப சாமி கும்புட்டதாலதான் பிரேக் புடிக்கலன்றீங்க" என்றாள்.

"சாமி கும்புட்டதால இல்ல. எண்ணயால."

"எண்ண போட்டது எதுக்கு? சாமி கும்புடத்தான?"

திரையில் மகள் தீர்ப்பை வாசித்தாள். "எண்ணெயோ தண்ணியோ, எனக்கு அது வேணாம்பா. வாய்க்கால் பக்கம் திரும்பியிருந்தா இன்னா ஆயிருக்கும்? போதும். மாமா, சைக்கிள எடுத்துட்டுப் போங்க."

மைத்துனன் எழுந்தான். அவனுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சைக்கிளைப் பிடித்தான். வாதத்தில் சரியாக இருந்தும் தோற்ற கோப்புகள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

"வெய்டா கீழ" என்றாள் என் மனைவி.

அவன் வைத்தான்.

"நாளைக்கு ஊரு இன்னா பேசும்? அந்த வூட்ல பூஜ போட்டாங்க, அந்த மனுஷன் வயல்ல போயி வுழுந்தாருன்னு பேசும். பூஜைக்கு அந்த பேரு வரக் கூடாது. அவரு திருப்பி ஓட்டட்டும். நல்லபடியா போயி வந்து காட்டட்டும்."

"அம்மா, நீதான மொதல்லேர்ந்து வேணாம்னு சொன்ன?" என்றாள் மகள்.

"அது அப்ப. இப்ப இது வேற."

எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான். நான் எழுதிய நியாயங்களால் ஒரு கோப்பும் நகர்ந்ததில்லை. கிடப்பில் போட்டால் தன் பெயர் கெடும் என்று மேலதிகாரிக்குத் தோன்றிய நாளில் அது தானாகவே நடந்து போய்விடும். படம் போட்டு விளக்கிய நேரத்தை நான் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைத் தூக்கி எறிந்தேன், அவற்றைக் காப்பாற்ற வழியில்லை. தட்டைச் சுத்தமான ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும் என்றேன். இந்த ஊரில் அதற்கு என்ன பஞ்சம் என்று மைத்துனன் வேட்டி மடிப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்தான். அதில் சர்க்கரையும் நிறமும் கலந்திருக்கும், ஆகாது என்றேன். அப்படியானால் இது வீணாகக் கூடாது என்று சொல்லி, அதை வேறு வழியில் தீர்த்தான். ஸ்பிரிட்டை மருந்துக் கடையில் வாங்கினேன். புதிய கட்டைகள் வந்து சேரும்வரை சைக்கிளை ஒரு பழைய புடவையால் மூடி வைத்தேன். அருகில் யாரும் போகவில்லை. என் மனைவியே மற்றவர்களை அதட்டி விரட்டினாள். விதியைச் சொன்னபோது கிடைக்காத மரியாதை அதற்கு இப்போது கிடைத்தது.

இரண்டாவது ஓட்டத்தில் மதகுச் சரிவின் நடுவில் பிரேக்கைப் பிடித்தேன். சத்தமே இல்லாமல் வண்டி நின்றது. பின்னால் வந்தவன் அதை எதிர்பார்க்கவில்லை. என்னைத் தாண்டிச் சரிவின் அடிவரைக்கும் போய், காலைத் தேய்த்து நின்றான். அங்கிருந்தே கைப்பேசியில் பேசினான்.

"நின்னுட்டாரு பாப்பா."

மகள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் பதில் கேட்டது.

"இல்ல, இல்ல. ரோட்டுலயேதான் நிக்கறாரு."

அனுமதி வந்தது. தலைக்கவசம், கைப்பேசி, மழையில் கூடாது, மாலையில் கூடாது. அனுமதிகள் எப்போதும் இப்படித்தான் வாலோடு வரும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மறுநாள் காலை சைக்கிளை வெளியே எடுத்தபோது என் மனைவி திருநீற்றுத் தட்டோடு வந்தாள். சைக்கிளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திருநீற்றை என் நெற்றியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மைத்துனன் தன் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றான். "எங்க மாமா, நானும் வரட்டா?" என்றான் நுரையோடு. வேண்டாம் என்று கையசைத்தேன். அவன் வீட்டைத் தாண்டியதும் தெரு முடிந்து வயல் தொடங்கியது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அதைக் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே மிதித்தேன்.

பாகூர் ஏரிக்கரையில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை அளவையும் அகவிலைப்படியையும் தவிர வேறு எதையும் பேசுவதற்காக அவர்கள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அதில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. ஒரு மனு எழுதணும், உங்கள மாதிரி ஆளுக்குத்தான் தெரியும்."

பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதைத் தொடவில்லை.